செதுக்கிய பழைய ரைபிள்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

துப்பாக்கியின் மரப்பாகமான கட்டையில் ஒரு கலைமான், அதைச் சுற்றி ஓக் இலைகள், குழலுக்குப் பின்னால் இருக்கும் உலோக உடலான ரிசீவர் முழுக்க நுணுக்கமான கொடிச்சுருள். இப்படி ஒரு பழைய ரைபிளைப் பார்த்ததும் மனசு தானாகவே விலையை ஏற்றிவிடும். விற்பவரும் "இந்த வேலையை இன்றைக்குச் செய்யச் சொன்னால் எவ்வளவு கேட்பார்கள் தெரியுமா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். அந்தக் கணக்குக்குள் போகவே வேண்டாம். இன்றைய கூலிக்கும் பழைய துப்பாக்கியின் சந்தை விலைக்கும் சம்பந்தம் குறைவு. நகாசு வேலை அந்தத் துப்பாக்கியோடு சேர்ந்து வந்ததா, பின்னால் யாரோ ஏற்றியதா, செய்த கை எது, அதற்கு ஆதாரம் உண்டா என்பதைப் பொறுத்துத்தான் விலை நிற்கிறது.

வாங்க நினைப்பவர் முன்னால் பெரும்பாலும் நான்கு வகை வரும். தொழிற்சாலையிலேயே பொறித்து வெளிவந்தது. பெயர் பெற்ற பட்டறை ஒன்று தனி ஆர்டரில் செய்து கொடுத்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கத்துக் கைவினைஞர்கள் செய்தது. கடைசியாக, சாதாரண ரைபிள் ஒன்றின் மேல் பிற்காலத்தில் யாரோ செதுக்கியது. கண்ணுக்கு நான்கும் ஒன்றுபோலத் தெரியலாம். விலையில் நான்கும் நான்கு உலகம்.

தொழிற்சாலைப் பொறிப்பு

இதில் அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனியான வின்செஸ்டர்தான் அளவுகோல். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்தக் கம்பெனியின் நல்ல பொறிப்பு வேலைகளில் பெரும்பகுதி உல்ரிச் குடும்பத்தின் கையில் இருந்தது. ஜான் உல்ரிச், கான்ராட் உல்ரிச் என்ற பெயர்கள் ஏலப் பட்டியலில் வந்தாலே விலை ஒரு படி ஏறும். இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான மார்லினின் ரைபிள்களிலும் இந்தக் குடும்பத்தின் வேலை உண்டு. 1890-களில் வின்செஸ்டர் தன் உயர்தர வேலைகளுக்கென்றே ஒரு தனி விலைப்பட்டியல் போட்டது. உலோகப் பொறிப்புக்கு எண்கள், மரச்செதுக்கலுக்கு எழுத்துகள் என்று வகை பிரித்து, எந்த வகைக்கு எவ்வளவு என்று வாடிக்கையாளருக்குக் காட்டினார்கள். இன்றைக்கு ஒரு ரைபிளைக் கையில் எடுத்தால், அதன் கோலம் அந்த வகைகளில் எதையாவது ஒத்திருக்கிறதா என்று பார்க்க முடிவது அதனால்தான். ஒத்துப்போகவில்லை என்பதற்காகப் போலி என்று முடிவு கட்டவும் கூடாது, விசேஷ ஆர்டர்களும் இருந்தன. ஆனால் அதன்பிறகு ஆதாரம் காட்டும் பொறுப்பு விற்பவருடையது.

ஆதாரம் என்றால் பதிவேடு. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊரில் இருக்கும் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர், மார்லின் கம்பெனிகளின் பழைய பேரேடுகள் இருக்கின்றன. எல்லா மாடலுக்கும் எல்லா எண்ணுக்கும் பதிவு தப்பிப் பிழைக்கவில்லை. இருக்கிற எண்களுக்கு, கட்டணம் கட்டினால் கடிதமாகவே தருவார்கள்: குழல் எண்கோணமா உருண்டையா, என்ன காலிபர், எப்படிப்பட்ட கட்டை, பொறிப்பு உண்டா, எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது. "பொறிப்பு" என்று அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை இருப்பதும் இல்லாததும்தான் இந்த வகையில் விலையைத் தீர்மானிக்கும். பதிவேட்டில் சாதாரண ரைபிள் என்று இருந்து, கையில் இருப்பது முழுக்கப் பொறித்ததாக இருந்தால், அது நான்காம் வகை. வேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

வின்செஸ்டரின் மாடல் 1873-இல் "ஆயிரத்தில் ஒன்று" என்று குழலில் பொறித்து விற்றவை இதற்கு நல்ல உதாரணம். துல்லியமாகச் சுட்ட குழல்களைத் தேர்ந்தெடுத்து, 1870-களின் நடுவில் நூறு டாலர் விலை வைத்துத் தனியாக விற்றார்கள். 1873 மாடலில் மொத்தம் 130-ஐ ஒட்டித்தான் செய்தார்கள். எண்ணிக்கை அவ்வளவு குறைவு, பொறிக்க வேண்டியதோ ஒரு வரி. பிற்காலத்தில் அந்த ஒரு வரியைச் சாதாரணக் குழலில் சேர்க்க ஆசை வராமல் இருக்குமா? வந்தது. அதனால் பதிவேட்டுக் கடிதம் இல்லாத "ஆயிரத்தில் ஒன்று" எதையும் அந்த விலைக்கு யாரும் தொடுவதில்லை.

இந்த வகையின் பெரிய பலம், திரும்ப விற்கும்போது வாதாட வேண்டியதில்லை என்பது. பலவீனம், அந்த நிம்மதிக்கான விலையையும் சேர்த்தே நாம் கொடுக்கிறோம். கொஞ்சம் காசு குறைவாக இருப்பவருக்கு இந்த வகையில் கிடைப்பது பெரும்பாலும் தேய்ந்துபோனதாக இருக்கும். பாலிஷ் போட்டுப் போட்டு கோடுகளின் விளிம்பு மழுங்கி, மிருகங்களின் கண்ணும் ரோமமும் மறைந்து, வெறும் உருவக்கோடு மட்டும் மிஞ்சியது. அப்படிப்பட்டதை "அசல்" என்ற ஒரே காரணத்துக்காக வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பெயர் பெற்ற பட்டறைகள்

1923-இல் சீமோர் கிரிஃபினும் ஜேம்ஸ் ஹோவும் நியூயார்க்கில் தொடங்கிய கிரிஃபின் அண்ட் ஹோவ் இந்த வகைக்கு முகம். ஸ்பிரிங்ஃபீல்டு 1903, மவுசர் 98 போன்ற ராணுவ ரைபிள்களை எடுத்து, புதிய வால்நட் கட்டை, புதிய குழல், கைவேலைச் செக்கரிங் (பிடி வழுக்காமலிருக்கக் கட்டையில் வெட்டும் சின்ன வைரக் கட்டங்கள்), பொறிப்பு என்று வேட்டை ரைபிளாக மாற்றிக் கொடுத்தார்கள். ஆஸ்திரியாவின் ஃபெர்லாக்கில் பிறந்து அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் வேலை பார்த்த பொறிப்பாளர் கோர்ன்பிராத், மிருகங்களை உயிரோடு நிறுத்துவதில் பேர் வாங்கியவர். கிரிஃபின் அண்ட் ஹோவுக்குப் பொறித்த ஜோசப் ஃபுகரும் அந்த வரிசைதான். பெல்ஜியத்தின் எஃப்என் தொழிற்சாலையில் பொறிப்புப் பிரிவை வளர்த்த ஃபெலிக்ஸ் ஃபுங்கன், பின்னால் வந்த வத்ரின், விராங்கன் ஆகியோரின் கையெழுத்து, அங்கே செய்த பிரவுனிங் துப்பாக்கிகளில் சிறிய எழுத்தில் கிடக்கும்.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. இந்த வகையில் விலை ஏறுவதற்கு நகாசு நிறைய இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானருக்குக் கட்டைக் கைவினைஞர் ஆல் பீசன் செய்துகொடுத்த ரைபிள்களில் கட்டையின் கோடும் செக்கரிங்கும்தான் பேசும், மானும் கரடியும் அங்கே வேலை இல்லாதவை. கட்டை செய்யும் கலை தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது, கை பிடிக்கும் மெல்லிய மணிக்கட்டுப் பகுதியில் மரத்தின் நார் நேராக ஓடுகிறதா, உலோகம் மரத்தில் உட்காரும் இடத்தில் மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் இருக்கிறதா என்பதைத்தான். செக்கரிங் என்றால் ஒவ்வொரு வைரமும் உச்சிவரை கூராக இருக்க வேண்டும், கோடு எல்லையைத் தாண்டி ஓடியிருக்கக் கூடாது.

ஆனால் பேர் மட்டும் போதாது. குழலில் பட்டறையின் பேரும் எண்ணும் இருந்தால், அந்த எண் பட்டறையின் பழைய பதிவுகளோடு ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். குழல் ஒரு பட்டறை, கட்டை வேறு யாரோ பின்னால் மாற்றியது என்பது அடிக்கடி நடக்கும். "இது கோர்ன்பிராத் பாணி" என்று விற்பவர் சொன்னால், "பாணி" என்ற வார்த்தைக்குக் காசு கிடையாது. கையெழுத்து இருக்கிறதா, ரசீது இருக்கிறதா, அவ்வளவுதான்.

ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ரிசீவர் மேல் கட்டிய ரைபிள் என்றால் எண்ணைக் கட்டாயம் பாருங்கள். அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் செய்த 8,00,000-க்குக் கீழ் எண்களிலும், ராக் ஐலண்டு ஆயுதச்சாலையில் செய்த 2,85,507-க்குக் கீழ் எண்களிலும் எஃகைப் பதப்படுத்தியதில் குறை இருக்கக்கூடும். எஃகைக் காய்ச்சும்போது சூட்டைக் கண்ணாலேயே கணித்தார்கள், சில அதிகச் சூடேறி நொறுங்கும் தன்மைக்குப் போய்விட்டன. அருமையான கட்டையும் பொறிப்பும் ஏறிய ரைபிள் ஒன்று, இந்த எண்ணுக்குக் கீழே விழுந்தால் சுடுவதற்கு ஆகாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். சுவரில் மாட்டும் பொருளின் விலை வேறு, வேட்டைக்கு எடுத்துப்போகும் ரைபிளின் விலை வேறு.

பிரவுனிங்கிலும் ஒரு கண்ணி உண்டு. 1960-களின் பின்பகுதி முதல் 1970-களின் தொடக்கம் வரை சில கட்டைகளுக்கு உப்பு போட்டு மரத்தை உலர்த்தினார்கள். அந்த உப்பு மரத்துக்குள்ளேயே தங்கி, உலோகம் தொடும் இடமெல்லாம் உள்ளுக்குள் அரித்தது. அழகான மரம் தேவைப்பட்ட உயர்ரக மாடல்களும் இதில் மாட்டிக்கொண்டன. வெளியே பொறிப்பு பளபளக்க, கட்டைக்குள் குழலின் அடிப்பக்கம் குழி விழுந்து கிடக்கும். கட்டையின் பின்முனையை மூடும் தகட்டின் ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றினாலே ஓரளவு தெரிந்துவிடும், மரையில் செந்துரு மண்டியிருந்தால் சந்தேகம் உறுதி. கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதுதான் சரி.

ஜெர்மன், ஆஸ்திரியக் கைவேலை

என் மனசு சாய்வது இந்தப் பக்கம்தான். ஜெர்மனியின் சூல், ஆஸ்திரியாவின் ஃபெர்லாக் ஆகிய ஊர்களில் துப்பாக்கி வேலை ஒரே கூரைக்குக் கீழே நடக்கவில்லை. குழல் ஒரு வீட்டில், கட்டை இன்னொரு வீட்டில், பொறிப்பு மூன்றாவது வீட்டில் என்று கை மாறிப் போகும். கடைசியில் குழலில் ஏறும் பேர், எங்கோ ஒரு நகரத்தில் அதை விற்ற கடைக்காரருடையதாகவும் இருக்கும். அதனால் பொறித்தவர் யார் என்பது பெரும்பாலும் தெரியாமலே போய்விட்டது. சந்தை பேருக்குக் காசு கொடுக்கும், பேர் இல்லாத அருமையான கைக்குக் குறைவாகத்தான் கொடுக்கும். வாங்குபவருக்கு வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது. கொடுக்கும் காசுக்கு மிக நல்ல செதுக்கல் கிடைப்பது இந்த வகையில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

காலத்தைக் கண்டுபிடிப்பதும் இங்கே எளிது. கட்டையைக் கழற்றிக் குழலின் அடியைப் பார்த்தால், குழல் பாதுகாப்பானதா என்று சுட்டுப் பார்த்த அரசுச் சோதனைச்சாலையின் முத்திரைகள் இருக்கும். ஜெர்மன் குழல்களில் பல சமயம் மாதமும் வருடமும் சேர்ந்தே இருக்கும். 5.27 என்றால் 1927 மே. 1939-இன் துப்பாக்கிச் சோதனைச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன் கிரீடம் போட்ட முத்திரை, பிறகு கழுகு. முத்திரையின் காலமும் செதுக்கலின் பாணியும் ஒத்துப்போகிறதா என்று உட்கார்ந்து பார்க்கலாம்.

பொறிப்புக்கும் முத்திரைக்கும் இடையே இருக்கும் உறவைக் கவனியுங்கள். அசல் வேலையில் பொறிப்பவர் முத்திரைக்கும் எழுத்துக்கும் இடம் விட்டுக் கொடியை வளைத்திருப்பார், அல்லது பொறிப்பு முடிந்த பரப்பில் முத்திரை தெளிவாக உட்கார்ந்திருக்கும். கம்பெனிப் பேரின் குறுக்கே கொடியின் இலை ஓடி எழுத்தை வெட்டியிருந்தால், பேர் முதலில் வந்தது, கொடி பிறகு வந்தது.

காலிபரில் ஒரு எச்சரிக்கை. 8×57 என்ற தோட்டா அளவுக்குச் செய்த பழைய ஜெர்மன் ரைபிள்களில் இரண்டு அளவுக் குழல்கள் உண்டு. முந்தையது .318 அங்குலக் குண்டுக்கு, பிந்தையது .323 அங்குலக் குண்டுக்கு. பிந்தைய தோட்டாவை முந்தைய குழலில் சுடுவது ஆபத்து. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் படைவீரர்கள் கொண்டுபோன பல ரைபிள்களில், அங்கே எளிதில் கிடைக்கும் தோட்டாவுக்கு ஏற்ப, தோட்டா உட்காரும் அறையை வெட்டிப் பெரிதாக்கியிருப்பார்கள். செதுக்கல் அப்படியே இருக்கும், சேகரிப்பாளரின் விலை இறங்கியிருக்கும்.

செதுக்கிய கட்டைக்கு நேரும் இன்னொரு கொடுமை, பின்முனையை அறுப்பது. ரப்பர் பேட் பொருத்த வேண்டும் என்று யாரோ ஒரு அங்குலம் வெட்டியிருப்பார். வெறும் கட்டையில் இது சின்ன விஷயம். செதுக்கிய கட்டையில் சட்டகக் கோட்டின் ஒரு பக்கமே போய்விடும், ஓக் கிளை பாதியில் நிற்கும். இதை எந்த வேலையாலும் சரிசெய்ய முடியாது. மரத்தில் பதித்த தந்த வேலையும் தந்தக் கைப்பிடி மூடியும் இருந்தால் வேறு தலைவலி. ஆப்பிரிக்க யானைத் தந்தமும், 1992 முதல் பிரேசில் ரோஸ்வுட் மரமும், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் சர்வதேச ஒப்பந்தத்தின் கடுமையான பட்டியலில் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் எல்லை தாண்ட முடியாத பொருளை வாங்க வரும் ஆட்கள் குறைவு, அது விலையில் தெரியும்.

பிற்காலச் செதுக்கல்

அதிகமாகக் கண்ணில் படுவதும் அதிகமாக ஏமாற வைப்பதும் இதுதான். ஒரு வின்செஸ்டர் 94, ஒரு மவுசர், 1964-க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70. அதன் கட்டையில் சொந்தக்காரரோ, பழகிய கைவினைஞரோ பல மாதம் உட்கார்ந்து மான் செதுக்கியிருப்பார். அன்போடு செய்த வேலை அது, மதிக்க வேண்டியதுதான். ஆனால் மாடல் 70-ஐ அசல் நிலையில் தேடும் சேகரிப்பாளருக்கு அந்தச் செதுக்கல் ஒரு சேதம். சாதாரணமாக, கைபடாமல், உலோகத்தின் நீலப்பூச்சு தேயாமல் இருக்கும் அதே மாடல் இதைவிட அதிகம் போகும். வின்செஸ்டர் 1964-இல் அந்த மாடலின் வடிவமைப்பை மாற்றியதால், அதற்கு முந்தையவை திரும்ப வராதவை. திரும்ப வராத ஒன்றின் மேல் உளி வைத்தால் பெரும்பாலும் விலை இறங்கத்தான் செய்யும்.

பிற்கால வேலையைக் கண்டுபிடிக்க, நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸும் சாய்வாக அடிக்கும் டார்ச் வெளிச்சமும் போதும். கையால் வெட்டிய கோட்டின் உள்சுவர் பளிச்சென்று சாய்ந்திருக்கும், ஆரம்பத்தில் மெலிந்து நடுவில் தடித்து முடிவில் மெலியும். அமிலத்தில் அரித்த கோட்டின் அடி தட்டையாக, மணல்போல் இருக்கும். லேசரில் செய்தது வரிவரியாக, சீரான ஆழத்தில் நிற்கும். உருளையால் அழுத்திய பொறிப்பில் இரண்டு துப்பாக்கிகளில் ஒரே நாய் ஒரே ரோமத்தோடு நிற்கும்.

அடுத்தது ஸ்க்ரூத் தலைகள். நல்ல வேலையில் ஸ்க்ரூவை முறுக்கிய நிலையிலேயே பொறித்திருப்பார்கள். கொடி தலையின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கும், வெட்டுக்கோடுகள் ஒரே திசையில் நிற்கும். தலை மட்டும் மொட்டையாகவோ, கொடி அங்கே உடைந்தோ இருந்தால் யாரோ ஏற்கனவே கைவைத்திருக்கிறார்கள். கடைசியாக, துருக்குழிகளைப் பாருங்கள். குழியின் குறுக்கே கோடு சுத்தமாக, புதுசாக ஓடினால் குழி முந்தியது, கோடு பிந்தியது. பழைய உலோகத்தில் புதிய பொறிப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

இந்த வகையை வாங்கவே கூடாதா? வாங்கலாம். விலை மட்டும், செதுக்கல் இல்லாத அதே ரைபிளின் விலைக்கு மேல் போகக்கூடாது. மாடல் அரிதானது என்றால் அதைவிடக் கீழேதான் கேட்க வேண்டும். வேலை உண்மையிலேயே நன்றாக இருந்து, அதைத் தினமும் பார்க்க ஆசையாக இருந்தால், கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள். அந்தக் கூடுதல் திரும்பி வராது என்று தெரிந்தே கொடுங்கள்.

இத்தனைக்கும் மேலே ஒரு விஷயம் எல்லாக் கணக்கையும் புரட்டிப்போடும்: யாருடையது என்பது. 2016-இல் ராக் ஐலண்ட் என்ற ஏல நிறுவனத்தின் ஏலத்தில் ஒரு வின்செஸ்டர் 1886 பன்னிரண்டரை லட்சம் டாலருக்கு மேல் போனது. அதில் தங்கம் பதித்த வேலையோ கலைமானோ கிடையாது. வரிசை எண் 1. அப்பாச்சி பழங்குடித் தலைவர் ஜெரோனிமோவைத் துரத்திய படையை நடத்திய கேப்டன் லாட்டனுக்கு, வின்செஸ்டரில் வேலை பார்த்த நண்பர் ஆல்பி கொடுத்த பரிசு, அதைச் சொல்லும் சின்னப் பொறிப்பு ஒன்றுதான் அதில் உண்டு. அந்தச் சில எழுத்துகளும், அவற்றை நிரூபிக்கும் கடிதங்களும் சேர்ந்துதான் அந்த விலை. எனவே பரிசு வாசகமோ பெயரெழுத்தோ பொறித்திருந்தால், அவசரப்பட்டு விற்காமல் அந்தப் பேரைத் தேடுங்கள்.

முடிவெடுப்பது எப்படி

காசைப் பத்திரமாகப் போட்டு, ஐந்து பத்து வருடத்தில் விற்க நினைப்பவர் முதல் வகைக்குப் போகலாம், பதிவேட்டுக் கடிதத்தோடு, தேயாத நிலையில். முழுக்கப் பொறித்துத் தேய்ந்துபோனதைவிட, கொஞ்சமே பொறித்துக் கூராக நிற்பதைத் தேர்ந்தெடுங்கள். வேட்டைக்கும் எடுத்துப்போக வேண்டும், கண்ணுக்கும் அழகு வேண்டும் என்றால் பட்டறை ரைபிள்தான் சரி. செதுக்கலுக்காகவே வாங்குபவர் சூலையும் ஃபெர்லாக்கையும் தேடட்டும். நான்காவதை வீட்டில் வழிவழியாக வந்தது என்றால் வைத்துக்கொள்ளலாம், வெளியே தேடிப்போய் வாங்க வேண்டாம். எந்த வகையானாலும், அந்தந்த நாட்டின் உரிமச் சட்டத்தை விலை பேசுவதற்கு முன்னாலேயே பார்த்துவிட வேண்டும்.

விற்கும் பக்கத்தில் இருப்பவருக்கு: எதையும் தேய்க்காதீர்கள், பாலிஷ் போடாதீர்கள், மறுபடி நீலப்பூச்சு ஏற்றாதீர்கள். பூச்சு ஏற்றுவதற்கு முன் பட்டறைக்காரர் பரப்பைத் தேய்ப்பார், அங்கேயே கோட்டின் ஆழம் போய்விடும். மழுங்கிய பொறிப்பை "மீண்டும் வெட்டிக் கொடுக்கிறேன்" என்பவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதற்குப் பிறகு அது யாருடைய வேலை என்று யாராலும் சொல்ல முடியாது. மதிப்பீடு வாங்கும்போது எதற்கான மதிப்பு என்று கேளுங்கள். காப்பீட்டுக்காகப் போடும் தொகை எப்போதும் உயரத்தில் இருக்கும், ஏலத்தில் கைக்கு வருவது கமிஷன் போக வெகு கீழே இருக்கும். மதிப்பீட்டாளரே வாங்குபவராக இருந்தால் இரண்டாவது ஆளிடம் காட்டுங்கள். அவரிடம் போகும் முன், கட்டையைக் கழற்றத் தெரிந்தவரை வைத்துக் கழற்றி, குழலின் அடி முத்திரைகளையும் வரிசை எண்ணையும் ஸ்க்ரூத் தலைகளையும் சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டுக் கடிதத்துக்கும் காப்பீட்டுக்கும் ஏலக்காரருக்கும் கேட்பது அந்தப் படங்களைத்தான்.